பாலிசி கையில் இருந்தால் அரசு மருத்துவமனை வேண்டாமா?

கேள்வி இது: "எனக்கு வயது 35. இப்போதைக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அரசு மருத்துவம் இருக்கும்போது தனியார் காப்பீட்டுக்கு வருடா வருடம் பணம் கட்டுவது வீண்தானே? இல்லை, நல்ல பாலிசியாக ஒன்று எடுத்துவிட்டால் அரசு மருத்துவமனைப் பக்கம் போகவே வேண்டியதில்லையா? இரண்டில் எது நல்லது?"

மருத்துவக் காப்பீட்டில் க்ளெய்ம், அதாவது சிகிச்சைப் பணம் கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். இந்தக் கேள்விக்கு அவசரமாக விடை கண்டுபிடித்து முடிவெடுத்தவர்களின் கோப்புகள்தான் தினமும் என் மேசைக்கு வந்துகொண்டிருந்தன.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்வோம். காப்பீடு யாருக்கும் சிகிச்சை தருவதில்லை. சிகிச்சைக்கு ஆன பில்லைக் கட்டுகிறது, அதுவும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு. அரசு மருத்துவமோ நீங்கள் நோயாளி ஆவதற்கு முன்பே நின்றுகொண்டிருக்க வேண்டிய ஏற்பாடு. மருத்துவர், செவிலியர், ஆம்புலன்ஸ், ரத்த வங்கி, பிரசவ வார்டு, தடுப்பூசி போட வருகிறவர் எல்லாம் அதில் அடக்கம். பக்கத்தில் மருத்துவமனையே இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய தொகைக்குப் பாலிசி இருந்தாலும் அவசரத்துக்கு உதவாது. அதே மாதிரி, மருத்துவமனை இருந்தும் அறுவை சிகிச்சைக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தேதி கிடைக்கும் என்றால், வலியோடு இருக்கிறவருக்கு அந்த இலவசம் பெரிய ஆறுதல் இல்லை.

இரண்டுக்கும் அடியில் இருக்கிற யோசனை மட்டும் ஒன்றுதான். நூறு பேர் பணம் போட்டு வைத்தால், அந்த வருடம் விழுந்துவிடுகிற ஐந்து பேரைத் தூக்கிவிடலாம். அந்த நூறு பேரில் யாரைச் சேர்ப்பது, யாரிடம் எவ்வளவு வாங்குவது என்பதில்தான் எல்லா வித்தியாசமும் வருகிறது.

ஜெர்மனியில் ஆட்சித் தலைவராக இருந்த பிஸ்மார்க் 1883இல் கொண்டுவந்த சட்டம் தொழிலாளியும் முதலாளியும் சம்பளத்திலிருந்து ஒரு பங்கை நோய் நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. பிரிட்டன் 1948 ஜூலை 5 அன்று வேறு வழியில் போனது. வரிப்பணத்தில் அரசே மருத்துவமனைகளை நடத்தும், நோயாளி வாசலில் பணம் கட்ட வேண்டியதில்லை என்றது. தேசிய சுகாதாரச் சேவை பிறந்த நாள் அது. கனடாவில் மருத்துவர்கள் பெரும்பாலும் சொந்தமாகத்தான் தொழில் செய்கிறார்கள்; ஆனால் பில்லைக் கட்டுவது மாகாண அரசு. அதை முதலில் செய்த சஸ்காட்செவன் மாகாணத்தில், 1962இல் திட்டம் தொடங்கியபோது மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு பின்வாங்கவில்லை. சில வருடங்களில் நாடு முழுக்க அது பரவியது. அமெரிக்காவில் 1965இல் முதியவர்களுக்கும் ஏழைகளுக்கும் மட்டும் அரசுத் திட்டங்கள் வந்தன. மற்றவர்களை வேலை தரும் நிறுவனமும் தனியார் காப்பீடும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆக, 'அரசு', 'தனியார்' என்று இரண்டே பெட்டிகள் கிடையாது. யார் பணம் வசூலிக்கிறார்கள், யார் மருத்துவமனை நடத்துகிறார்கள் என்று இரண்டு கேள்விகளாகக் கேட்டால்தான் ஒரு நாட்டின் நிலைமை புரியும்.

இப்போது தனியார் காப்பீட்டின் அடிப்படைச் சிக்கலுக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது. காப்பீடு வாங்க வருகிறவருக்குத் தன் உடம்பைப் பற்றி நிறுவனத்தைவிட அதிகம் தெரியும். நோய் வரும் என்று பயப்படுகிறவர் ஆசையாக வாங்குவார், திடமாக இருக்கிறவர் தள்ளிப்போடுவார். நோயாளிகள் கூடினால் செலவு கூடும். செலவு கூடினால் பிரீமியம், அதாவது எல்லோரும் வருடா வருடம் கட்டும் பணம், ஏறும். ஏறினால் மிச்சமிருந்த திடமானவர்களும் வெளியேறுவார்கள். பொருளாதார அறிஞர் கெனத் ஆரோ 1963இலேயே மருத்துவச் சந்தை மற்ற சந்தைகள் மாதிரி இயங்காது என்று விளக்கி எழுதினார். 1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் தகவல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் சந்தையே கரைந்துபோகும் என்று காட்டியபோது, அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குக் காப்பீடு கிடைக்காததையும் ஓர் உதாரணமாகச் சொன்னார். இருவருமே பின்னால் பொருளாதார நோபல் வாங்கியவர்கள்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. 1995இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டில் ஒரு விதியை மாற்றியது. எந்தத் திட்டத்தை எடுத்தாலும் நாங்கள் தருவது ஒரே தொகை, தாராளமான திட்டம் வேண்டுமென்றால் வித்தியாசத்தை நீங்களே கட்டுங்கள் என்றது. இளவயதினரும் ஆரோக்கியமானவர்களும் மலிவான திட்டத்துக்கு மாறினார்கள். தாராளமான திட்டத்தில் நோயாளிகளே மிஞ்சினார்கள், அதன் விலை இன்னும் ஏறியது. மூன்று வருடங்களுக்குள் அந்தத் திட்டமே மூடப்பட்டது. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் பேராசைப்படவில்லை. தனித்தனியாக ஒவ்வொருவரும் சரியாகத்தான் யோசித்தார்கள். ஆனாலும் நோயாளிகளுக்கு ஒதுங்க இருந்த இடம் போய்விட்டது.

இதிலிருந்து தப்பிக்க நிறுவனங்கள் செய்வதைத்தான் நீங்கள் விண்ணப்பப் படிவத்தில் பார்க்கிறீர்கள். என்ன நோய் இருக்கிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்விகள், முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம், வயதுக்கு ஏற்ப ஏறும் பிரீமியம், இது இதற்கெல்லாம் கிடையாது என்ற பட்டியல். காத்திருப்புக் காலம் ஆஸ்திரேலியாவில் 12 மாதம். இந்தியாவில் 2024 விதிகளின்படி அதிகபட்சம் 36 மாதம். இவை இல்லாமல் சுதந்திரமான சந்தையில் ஒரு காப்பீட்டு நிறுவனம் நிலைத்து நிற்க முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளைவு என்ன? யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவருக்குத்தான் அது கடினமாகக் கிடைக்கிறது.

ஒரு கோப்பு என் மனதை விட்டுப் போவதில்லை. நடுத்தர வயதுக்காரர், சிறுநீரகம் பழுதாகிவிட்டது. படிவத்தை முகவர்தான் நிரப்பியிருந்தார். சர்க்கரை நோய் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டிருந்தது. அவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். மருத்துவமனைக் குறிப்பிலோ எட்டு வருடமாகச் சர்க்கரை நோய் என்று இருந்தது. விதிப்படி நிராகரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நிராகரித்தவர்களில் நானும் ஒருவன். பிறகு அவருக்கு டயாலிசிஸ் நடந்தது அரசு மருத்துவமனையில். அங்கே யாரும் அவரிடம் அந்தப் படிவத்தைக் கேட்கவில்லை. பாலிசி என்பது ஒரு வருடத்துக்கான ஒப்பந்தம், அதை உடைக்கக் காரணங்கள் இருக்கலாம். பொது மருத்துவத்தின் கதவுக்கு அந்த மாதிரி காரணம் எதுவும் கிடையாது. இரண்டையும் எப்போது ஒப்பிட்டாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சரி, தனியார் காப்பீட்டை வைத்துக்கொண்டே எல்லோரையும் காப்பாற்ற முடியாதா? முடியும், சில நாடுகள் செய்திருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் 1996 முதல் அனைவரும் காப்பீடு எடுத்தாக வேண்டும். நிறுவனம் யாரையும் மறுக்கக் கூடாது, உடல்நிலையைப் பார்த்து விலை வைக்கக் கூடாது, அடிப்படைக் காப்பீட்டில் லாபம் எடுக்கக் கூடாது. நெதர்லாந்தில் 2006 முதல் இதே மாதிரி கட்டாயம்; நோயாளிகள் அதிகம் சேர்ந்த நிறுவனத்துக்குப் பொது நிதியிலிருந்து ஈடு கொடுக்கிறார்கள். அமெரிக்காவிலும் 2010இல் வந்த சட்டத்தால் 2014 முதல் பழைய நோயைக் காட்டி மறுக்க முடியாது. கவனித்துப் பாருங்கள், இங்கெல்லாம் நிறுவனம் தனியாருடையது, விதி மட்டும் பொது மருத்துவத்தின் விதி: எல்லோரும் சேர வேண்டும், யாரையும் தள்ளக் கூடாது. அந்த விதி இல்லாத நாட்டில் தனியார் காப்பீட்டைப் பொது மருத்துவத்துக்கு மாற்றாக நினைப்பது ஆபத்து.

ஜெர்மனியில் இன்னொரு பாடம் இருக்கிறது, 35 வயதுக்காரர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. அங்கே நல்ல சம்பளம் வாங்குகிறவர்கள் பொதுக் காப்பீட்டை விட்டுவிட்டு முழுக்கத் தனியாருக்குப் போகலாம். இளம் வயதில் போனால் மலிவு, வசதியும் அதிகம். வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறுகிறது. அப்போது திரும்பி வரலாம் என்றால், 55 வயதுக்குப் பிறகு பொதுக் காப்பீட்டுக்குத் திரும்புவது ஏறக்குறைய முடியாத காரியம். இளமையில் மட்டும் வெளியே இருந்துவிட்டு முதுமையில் உள்ளே வருவது மற்றவர்களுக்கு அநியாயம் என்பதால் வைத்த விதி. நியாயமான விதிதான். ஆனால் முப்பது வயதில் யார் அறுபதின் கணக்கைப் போடுகிறார்கள்?

பொது மருத்துவத்தைப் புகழ்ந்துகொண்டே போவதாகத் தோன்றலாம். அதன் குறையைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நேர்மையாக இல்லை. காப்பீடு விலையால் ஆளைத் தள்ளுகிறது என்றால், பொது மருத்துவம் வரிசையால் தள்ளுகிறது. இங்கிலாந்தில் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களில் 92 சதவீதம் பேருக்கு 18 வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இலக்கு. பல வருடங்களாக அது எட்டப்படவில்லை. 2022இல் காத்திருப்போர் பட்டியல் 70 லட்சத்தைத் தாண்டியது. மூட்டு மாற்று, கண்புரை போல உடனே உயிருக்கு ஆபத்து இல்லாத சிகிச்சைகளில்தான் வரிசை மிக நீளம். ஆனால் மூட்டு வலியோடு ஒரு வருடம் நடப்பது என்பது ஒருவர் வேலையை, தூக்கத்தை, மனதை எல்லாம் தின்றுவிடும். 'அவசரமில்லாதது' என்ற சொல்லைக் கோப்பில் எழுதுவது சுலபம்.

அதோடு, பொது மருத்துவம் என்றால் எல்லாம் கிடைக்கும் என்பதும் இல்லை. பிரிட்டனில் பல் செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் வைக்க 1951இல் முடிவெடுத்தபோது, அந்தச் சேவையை உருவாக்கிய அமைச்சர் அனைரின் பெவன் பதவி விலகினார். தொடங்கி மூன்றே வருடம் ஆகியிருந்தது! கனடாவின் 1984 சட்டம் மருத்துவர், மருத்துவமனைச் செலவுகளைத்தான் கட்டாயமாக்கியது. வீட்டில் சாப்பிடும் மாத்திரையும் பல் சிகிச்சையும் அதற்குள் வரவில்லை. அங்கே மருத்துவமனைக்குப் போனால் பில் இல்லை, மருந்துக் கடைக்குப் போனால் பலருக்கு பில் உண்டு. அரசு பட்ஜெட்டைச் சுருக்கும் வருடத்தில் பொது மருத்துவமும் சேர்ந்து சுருங்கும். ஊழியர் குறைவார்கள், இயந்திரம் பழுதானால் அப்படியே கிடக்கும். இதற்கு எதிராக ஒரு தனி நோயாளியால் பெரும்பாலும் வழக்குப் போட்டுப் பணம் வாங்க முடியாது. காப்பீட்டில் குறைந்தபட்சம் காட்டுவதற்கு ஓர் ஒப்பந்தமாவது இருக்கிறது.

செலவு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமெரிக்கா தன் மொத்த உற்பத்தியில் சுமார் 17 சதவீதத்தை மருத்துவத்துக்குச் செலவிடுகிறது. பிரிட்டன் சுமார் 11. இருந்தும் அமெரிக்கர்களின் சராசரி ஆயுள் மற்ற வசதியான நாடுகளைவிடக் குறைவு. இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இன்னும் எந்தக் காப்பீடும் இல்லை. ஆயுளுக்கு உணவு, துப்பாக்கி, போதைப்பொருள் எல்லாம் காரணம்தான். செலவுக்கான காரணம் அதைவிடத் தெளிவானது. பல நிறுவனங்கள், பல படிவங்கள், பேரம் பேச ஒரே வாய் இல்லை. நியூசிலாந்தில் 1993இல் ஃபார்மாக் என்ற ஒரே அமைப்பை வைத்து, நாடு முழுவதற்கும் எந்த மருந்துக்கு அரசு பணம் தரும் என்று முடிவு செய்யத் தொடங்கினார்கள். மருந்துக் கம்பெனியோடு அது பேசும் பேச்சை ஒரு தனி நோயாளியோ சின்னக் காப்பீட்டு நிறுவனமோ பேச முடியாது. அப்புறம் நிர்வாகச் செலவு. அமெரிக்கச் சட்டம், வாங்கும் பிரீமியத்தில் 80 அல்லது 85 சதவீதமாவது சிகிச்சைக்குப் போக வேண்டும் என்று விதிக்கிறது. அப்படிச் சட்டம் போட வேண்டியிருந்தது என்பதிலேயே விஷயம் அடங்கியிருக்கிறது. அந்த மிச்சப் பணத்தில் விளம்பரம், முகவர் கமிஷன், லாபம், என்னைப் போல க்ளெய்ம் பார்க்கிறவர்களின் சம்பளம் எல்லாம் வரும்.

வசதியில்லாத நாட்டுக்குப் பொது மருத்துவம் கட்டுப்படியாகாது என்பார்கள். தாய்லாந்து 2002இல், அதுவரை எந்தப் பாதுகாப்பும் இல்லாதிருந்தவர்களையும் சேர்த்து, ஒரு தடவைக்கு 30 பாட் (தாய்லாந்துப் பணம்) மட்டும் கட்டணம் என்ற திட்டத்தை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. அப்போது அது பணக்கார நாடு இல்லை.

காப்பீடு உண்மையில் என்ன தருகிறது என்பதற்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. 2008இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், ஏழைகளுக்கான காப்பீட்டில் சுமார் பத்தாயிரம் இடங்கள்தான் இருந்தன. கேட்டுப் பெயர் கொடுத்தவர்கள் சுமார் தொண்ணூறாயிரம் பேர். குலுக்கல் போட்டார்கள். இதனால் கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, காப்பீடு கிடைத்தவர்களுக்கு மருத்துவக் கடன் குறைந்திருந்தது, மனச்சோர்வு குறைந்திருந்தது, மருத்துவரிடம் போவது கூடியிருந்தது. ரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் திட்டவட்டமான முன்னேற்றம் தெரியவில்லை. சிலர் இதைக் காட்டிக் காப்பீடே வீண் என்றார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. நோய் வந்த வீட்டில் கடன் வராமல் இருப்பதும், இரவில் தூக்கம் வருவதும் சின்ன விஷயமா? ஆனால் காப்பீடு முதலில் காப்பது குடும்பத்தின் பணத்தை என்பது உண்மை. உடம்பைக் காக்க அதற்கு மேலும் சில வேண்டும்: தொடர்ந்து பார்க்கும் மருத்துவர், விடாமல் கிடைக்கும் மாத்திரை, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சுகாதார நிலையம்.

1970களில் அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய சோதனையும் இதோடு சேர்ந்தது. செலவில் ஒரு பங்கை நோயாளியே கட்ட வேண்டும் என்றால் மருத்துவரிடம் போவது குறைகிறது. வீண் செலவு மட்டும் குறைந்தால் நல்லதுதான். தேவையான சிகிச்சையும் அதே அளவில் குறைந்தது. ரத்த அழுத்தம் இருந்த ஏழைகளுக்கு அது கெடுதலாக முடிந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு உங்கள் பாலிசியில் நீங்களே கட்ட வேண்டிய பங்கைச் சொல்லும் 'கோ-பே' பகுதியைப் படியுங்கள்.

எந்தப் பாலிசியாலும் வாங்க முடியாத ஒன்றும் உண்டு. பெரியம்மை இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977இல் சோமாலியாவில் கண்டறியப்பட்டார். 1980இல் உலகத்திலிருந்தே அது ஒழிந்ததாக அறிவித்தார்கள். வீடு வீடாகத் தேடிப் போய்த் தடுப்பூசி போட்டவர்களின் வேலை அது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காசநோய் இருந்து அவருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்றால், உங்கள் பாலிசி உங்களைக் காக்காது. அவருக்குக் கிடைக்கும் இலவச மருந்துதான் உங்களைக் காக்கும்.

இனி உங்கள் விஷயம். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், பாலிசி விளம்பரத்தைத் திறப்பதற்கு முன் உங்களுக்குக் கிடைக்கும் பொது மருத்துவத்தை முதலில் அளந்து பாருங்கள். விபத்து, மாரடைப்பு, பிரசவம், புற்றுநோய், டயாலிசிஸ் ஆகிய ஐந்துக்கும் எங்கே போவீர்கள், எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும், கையிலிருந்து என்ன செலவாகும்? அங்கே வேலை செய்கிற ஒரு செவிலியரைக் கேட்டால் இணையத்தில் தேடுவதைவிட நல்ல பதில் கிடைக்கும். எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அந்த ஓட்டைக்கு அளவாகக் காப்பீடு வாங்குங்கள். வரிசை நீளம் என்பதுதான் பிரச்சினை என்றால் அறுவை சிகிச்சைக்கான பாலிசி போதும். மருத்துவமனையே பணம் கேட்கும் நாடு என்றால் பெரிய தொகைக்கான பாலிசி வேண்டும். சின்னச் சின்னச் செலவுகளை நீங்களே கட்டிக்கொள்வதாக ஒத்துக்கொண்டால் பிரீமியம் குறையும்.

35 வயதில் எடுப்பது வீணா? உடல்நிலையையும் வயதையும் பார்த்து விலை வைக்கும் நாடாக இருந்தால், இப்போது எடுப்பதுதான் சரி. பிரீமியம் மலிவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், காத்திருப்புக் காலம் நீங்கள் திடமாக இருக்கும்போதே ஓடி முடிந்துவிடும். ஆஸ்திரேலியாவில் 30 வயதைத் தாண்டி மருத்துவமனைக் காப்பீடு எடுத்தால் தாமதித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 2 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்தக் கூடுதல் தொகை நீங்கப் பத்து வருடம் ஆகும். இப்படி ஒரு விதி உங்கள் நாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அலுவலகம் தரும் காப்பீட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வேலை போகும் நாளில் அதுவும் போகும். நோயால் வேலை போகிறவர்களுக்கு இரண்டும் ஒரே மாதத்தில் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

பாலிசியில் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆயுள் முழுக்கப் புதுப்பிக்கலாமா, நிறுவனம் அதை மறுக்க முடியுமா என்பதுதான் முதலில். அடுத்து உள் வரம்புகள். சில நாட்டுப் பாலிசிகளில் அறை வாடகைக்கு ஒரு வரம்பு இருக்கும். வரம்பைப் போல இரண்டு மடங்கு வாடகையுள்ள அறையில் தங்கினால் வாடகையில் மட்டும் பாதி வெட்டுவார்கள் என்று மக்கள் நினைக்கிறார்கள். அறுவைக் கட்டணம், மருத்துவர் கட்டணம் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டு விழலாம். இந்த ஒரு வரியைப் படிக்காததால் பில்லில் பாதியைக் கையிலிருந்து கட்டிய குடும்பங்கள் உண்டு.

எவ்வளவு நல்ல பாலிசி வைத்திருந்தாலும் அரசு ஆரம்ப சுகாதார மருத்துவரிடம் ஒரு பதிவு இருக்கட்டும், தடுப்பூசியும் வருடாந்தரப் பரிசோதனையும் அங்கேயே நடக்கட்டும். பெரிய விபத்து, தீக்காயம் என்றால் நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகளின் நெட்வொர்க் பட்டியலைத் தேடாமல் அந்த வசதி உள்ள மிக அருகிலிருக்கும் இடத்துக்கு ஓடுங்கள். உங்கள் பெற்றோருக்கு எழுபது வயதாகி, புதுப் பாலிசிக்குப் பிரீமியம் எக்கச்சக்கமாகக் கேட்டால், அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் மாதாமாதம் போட்டு வைத்துவிட்டுப் பொது மருத்துவத்தை நம்புவது பல சமயம் புத்திசாலித்தனம்.

கடைசியாக, படிவத்தை நீங்களே நிரப்புங்கள். முகவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி. பத்து வருடத்துக்கு முன் விட்டுவிட்ட மாத்திரையையும் எழுதுங்கள். அதனால் பிரீமியம் கூடினாலும் பரவாயில்லை. பாலிசி கைக்கு வந்ததும் உட்கார்ந்து முழுவதையும் படியுங்கள். பல நாடுகளில் வந்த சில வாரங்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்க உரிமை உண்டு. புரியாத இடங்களைக் குறித்து நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் கேளுங்கள், தொலைபேசியில் வேண்டாம். அவர்கள் அனுப்பும் பதிலைப் பாலிசியோடு சேர்த்து வீட்டில் இன்னொருவருக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள், ஏனென்றால் அது தேவைப்படும் நாளில் படுக்கையில் இருக்கப்போவது நீங்கள். தேடி எடுக்கப்போவது அவர்.